பேட்டைக் கடலுணவுக் கடையில் குடும்பத்தோடு ஒரு இரவுச் சாப்பாடு: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருப்பார்கள். அல்லது புது வேலையில் முதல் சம்பளம் வந்திருக்கும். வீட்டில் யாராவது ஒருவர், "இந்த ஊர் நண்டு நன்றாக இருக்குமாமே, ஒரு நாள் போகலாமா?" என்று கேட்பார்கள். போகலாம், கட்டாயம் போக வேண்டும். நான் நாகப்பட்டினத்துக்காரன். மீன் விஷயத்தில் சுலபமாக மனம் நிறையாது. அப்படிப்பட்ட எனக்கே இந்த ஊரின் வட்ட மேசைச் சாப்பாடு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் முதல் சில தடவை சரியாகக் கேட்காமல் சொல்லிவிட்டு வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நாலைந்து உண்டு. அவற்றைக் கேட்டுவிட்டால், அப்புறம் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

முதலில், எந்த மாதிரிக் கடை

நம் பேட்டைகளில் கடலுணவு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழே, பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் காப்பிக் கடையில் உள்ள 'ஸி சார்' கடை. ஹொக்கியன் என்ற சீன மொழியில் சமைப்பது, வறுப்பது என்று பொருள். காப்பிக் கடையிலேயே பெரிய அடுப்பும் பெரிய சட்டியும் வைத்து, நெருப்பு மேலே எழும்ப வறுத்துக்கொண்டிருக்கும் கடை அதுதான். பல இடங்களில் மாலையில்தான் சூடு பிடிக்கும். மற்றொன்று, குளிர்சாதன வசதியோடு, கண்ணாடித் தொட்டிகளில் உயிர் மீனும் நண்டும் வைத்திருக்கும் தனி உணவகம்.

பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, ஸி சார் கடைதான். விலை குறைவு. குழந்தை கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரும்பாலும் சேவைக் கட்டணம் இருக்காது. முக்கியமாக, வீட்டில் ஒருவர் சைவம் என்றால், அதே காப்பிக் கடையில் இருக்கும் இந்தியக் கடையிலிருந்தோ சைவக் கடையிலிருந்தோ அவருக்கு வேண்டியதை வாங்கி வந்து ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடலாம். தனி உணவகத்தில் வெளிச் சாப்பாட்டை விட மாட்டார்கள். வயதானவர்களுக்குப் புழுக்கம் தாங்காது, கட்டாயம் ஏசி வேண்டும் என்றால் உணவகத்துக்குப் போங்கள்.

ஹலால் சாப்பிடும் குடும்பம் என்றால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) வழங்கிய சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று எழுதி ஒட்டியிருப்பது வேறு, ஹலால் சான்றிதழ் வேறு. ஹலால் சான்றிதழோடு கடலுணவு சமைக்கும் கடைகள் இந்த ஊரில் நிறையவே உண்டு.

நேரமும் மேசையும்

வெள்ளி, சனி, ஞாயிறு இரவு ஏழு மணிக்கு நல்ல கடையில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், அல்லது முன்பதிவு செய்யுங்கள். சில ஸி சார் கடைகளில் தொலைபேசியில் சொன்னால் மேசை பிடித்து வைப்பார்கள், சிலவற்றில் மாட்டார்கள். அன்னையர் தினத்தன்றும் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் புதியவர்கள் போகவே வேண்டாம். புத்தாண்டுக் காலத்தில் பல இடங்களில் விலையும் ஏறும், மொத்தச் சாப்பாட்டுப் பட்டியல் மட்டும்தான் இருக்கும்.

காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால் அது யாரோ இடம் பிடித்து வைத்தது. 'சோப்' செய்வது என்பார்கள். அதில் உட்காராதீர்கள். நீங்களும் அப்படியே செய்யலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் சிலநேரம் தானாகவே வரும். இரண்டுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். உணவகத்தில் சீனத் தேநீருக்கும் தலைக்கு இவ்வளவு என்று போடுவது வழக்கம். காப்பிக் கடையில் பானம் விற்பவர் வேறு, சமைப்பவர் வேறு. பானத்துக்கு அந்த அக்காவிடம் தனியாகச் சொல்லித் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். நண்டுக்குக் குளிர்ந்த பார்லி நன்றாகப் பொருந்தும்.

எவ்வளவு சொல்வது

ஊரில் ஹோட்டலுக்குப் போனால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பழக்கம். இங்கே அப்படிச் சொன்னால் மேசை நிறைந்து, பாதி மிஞ்சும். எல்லாம் நடுவில் வரும். ஆளுக்கு ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு வைத்துக்கொண்டு எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு பட்டியலில் இருக்கும். சிறியது இரண்டு மூன்று பேருக்கு, நடுத்தரம் நாலைந்து பேருக்குப் போதும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை வகை, பிள்ளைகள் இருவருக்கு ஒன்று. நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் ஐந்து வகை. ஒரு மீன், ஒரு நண்டு அல்லது இறால், ஒரு கீரை, ஒரு தௌஃபூ (சோயாக் கட்டி), பிள்ளைகளுக்குக் காரமில்லாத ஒன்று. எல்லாமே சாஸ் ஊற்றியதாக இருந்தால் ஒரே மாதிரி இனிப்பாகத் தோன்றும். அதனால் ஒன்று மொறுமொறுப்பாக, ஒன்று வேகவைத்ததாக, ஒன்று குழம்பாக இருக்கும்படி பாருங்கள்.

பிள்ளைகளுக்கு சீரியல் இறால் சொல்லலாம். வறுத்த ஓட்ஸ் தூள் மாதிரி ஒன்றை மேலே தூவி, கறிவேப்பிலையோடு வரும். நம் பிள்ளைகள் அந்தத் தூளைச் சோற்றில் போட்டுப் பிசைந்தே சாப்பிட்டுவிடுவார்கள். அதில் சிறு மிளகாய் போடுவதுண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'டிரங்கன்' இறால் என்று ஒன்று இருக்கும். அதில் சீன மது ஊற்றுவார்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நண்டு

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் நீலக்கால் நண்டுதான் வாங்குவோம். மிளகு சேர்த்து ரசமோ குழம்போ வைப்போம். இங்கே மேசைக்கு வருவது சேற்று நண்டு. தடித்த ஓடு, பெரிய கொடுக்கு. பட்டியலில் 'இலங்கை நண்டு' என்று பார்ப்பீர்கள். இலங்கையின் களப்புகளில் பிடித்து உயிரோடு இங்கே அனுப்புகிறார்கள். சதை கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும், அதனால் மதிப்பு அதிகம்.

சில்லி நண்டு இந்த ஊரிலேயே பிறந்த பதார்த்தம். ஷெர் யம் தியான் என்ற பெண்மணி 1956இல் காலாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் இதை விற்கத் தொடங்கினார். எப்போதும் வேகவைத்த நண்டுதானா, வேறு மாதிரி செய்து பாரேன் என்று கணவர் கேட்டதால் தக்காளிச் சாஸும் மிளகாய்ச் சாஸும் சேர்த்துச் செய்தார் என்பார்கள். முட்டையை ஊற்றிக் கலக்குவது பின்னால் வந்தது. பெயரில் மிளகாய் இருந்தாலும் காரம் நமக்கு ஒன்றுமே இல்லை. புளிப்பும் இனிப்பும்தான் முன்னே நிற்கும். காரம் தேடுகிறவர்கள் கருமிளகு நண்டு சொல்லுங்கள். என் அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. சில்லி நண்டைச் சொன்னால் கூடவே பொரித்த 'மன்தோ' பன் சொல்ல மறக்க வேண்டாம். அந்தச் சாஸைத் தொட்டுக்கொள்ளத்தான் அது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்.

இப்போது விலை. பட்டியலில் நண்டுக்கும் உயிர் மீனுக்கும் எண் இருக்காது, 'அன்றைய விலை' என்றுதான் இருக்கும். இங்கேதான் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். மூன்று கேள்விகள். இன்றைக்கு என்ன விலை? அது கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? இந்த ஒரு நண்டு எடை போட்டால் மொத்தம் எவ்வளவு வரும்? மூன்றாவது கேள்விதான் உங்களைக் காப்பாற்றும். சேற்று நண்டு கிலோ 80, 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொன்னால் திகைக்க வேண்டாம், பல கடைகளில் அப்படித்தான் போகிறது. மற்ற வகைகளும் இருந்தால் நாலு பேருக்கு ஒரு கிலோ நண்டு தாராளம்.

2023இல் ஒரு வெளிநாட்டுப் பயணி நாலு பேராகச் சாப்பிட்டுவிட்டு, நண்டுக்கு மட்டும் 938 வெள்ளி வந்ததைப் பார்த்துப் போலீஸையே அழைத்துவிட்டார். அது அலாஸ்கா ராஜ நண்டு. விலை நூறு கிராமுக்குச் சொல்லப்பட்டிருந்தது, நண்டின் எடையோ மூன்றரைக் கிலோ. நூறு கிராமுக்கு 26 வெள்ளி சொச்சம் என்று காதில் விழும்போது பெரிதாகத் தெரியாது. பத்தால் பெருக்கினால்தான் கிலோ விலை தெரியும். ராஜ நண்டு, சிங்கி இறால் போன்ற பெரிய சமாச்சாரங்களை முதல் தடவையே சொல்லாதீர்கள்.

எடை போடும்போது நண்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கால்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். செத்துப்போன நண்டின் சதை கொழகொழவென்று ஆகிவிடும். அடிவயிற்று மடிப்பு குறுகலாகக் கூராக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை நிறைய இருக்கும். அகலமாக வட்டமாக இருந்தால் பெண், முட்டை பிடிக்கும் என்றால் அதைக் கேளுங்கள். அளவுக்கேற்ற கனம் கையில் தெரிய வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் நண்டு வாங்கிப் பழகிய அம்மாக்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். மொழி தெரியாவிட்டாலும் விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினால் கடைக்காரருக்குப் புரியும்.

நண்டு வர நேரமாகும். அதனால் உட்கார்ந்ததும் முதலில் நண்டைச் சொல்லிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

மீன்

உயிர் மீன் என்றால் ஆவியில் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். வேகவைத்த மீன் கவிச்சி அடிக்குமே என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் தட்டைத் தள்ளி வைத்தார். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு தலைப் பக்கம் முழுவதும் அவருடையதானது. புது மீனில் கவிச்சி இருக்காது. இஞ்சி, வெங்காயத் தாள், சோயா சாஸ் போட்டுச் செய்வது ஹாங்காங் பாணி. புளிப்பு ஊறுகாய்ப் பழம், உப்புக் கீரை, தக்காளி போட்டுச் செய்வது தியோச்சு பாணி. புளிப்பு பிடிக்கும் நமக்கு இரண்டாவது எளிதில் ஒட்டிக்கொள்ளும். கொடுவாய் விலை குறைவு, முள்ளும் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. களவாய் விலை கூடுதல். வவ்வாலை நீங்களே அறிவீர்கள்.

பனியில் வைத்த மீன் என்றால் குழம்பும், சம்பால் என்ற மிளகாய் விழுதும் சரி. திருக்கையைச் சம்பால் பூசி வாழை இலையில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால், நம் ஊர்த் திருக்கைக் குழம்பை மறந்து இதைக் கேட்பீர்கள்.

மீன் தலைக்கறியைப் பற்றி ஒரு வார்த்தை. சீனக் கடைகளிலும் இது கிடைக்கும், ஆனால் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமெஸ் என்பவர் 1949 வாக்கில் தம் சிறிய கடையில் இதைச் செய்யத் தொடங்கினார். மீன் தலையைச் சீன வாடிக்கையாளர்கள் விரும்புவதைப் பார்த்து நம் குழம்பில் தலையைப் போட்டார். இன்று வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்க, மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும். சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் ஊர் ஞாபகம் வரும். வெளியூர்ச் சாப்பாடு தொண்டையில் இறங்காத தாத்தா பாட்டி வந்திருந்தால் இதை முதலில் சொல்லுங்கள்.

சைவம், மாடு, பன்றி: கவனமாகப் படியுங்கள்

நான் மிகவும் வருந்திய இடம் இது. என் அம்மாவுக்குச் சனிக்கிழமை அசைவம் கிடையாது. அவர் வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை போக வேண்டியதாயிற்று. கீரைதானே என்று சம்பால் கங்கோங் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு, பரிமாறிய அக்கா தங்கள் கடையில் நல்ல காய்ந்த இறால் போடுவதாகப் பெருமையோடு சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு பார்லித் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். கடைக்காரர் மேல் தவறே இல்லை. கேட்காதது நான்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். சம்பால் என்றால் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறாலைப் புளிக்கவைத்துச் செய்த விழுது, உள்ளே இருக்கும். கைலான் கீரையில் சிப்பிச் சாஸ் ஊற்றுவார்கள். சூட்டுக் கல்லில் வரும் தௌஃபூவில் கொத்திய பன்றி இறைச்சி இருக்கக்கூடும். வறுத்த சோற்றில் சீனத் தொத்திறைச்சி விழும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வறுக்கும் கடைகளும் உண்டு. ஹோர் ஃபன் நூடல்ஸில் மாட்டிறைச்சி போட்டது ஒன்று தனியாக இருக்கும். பட்டியலில் காய்கறி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதால் அது சைவம் ஆகிவிடாது.

சைவம் சாப்பிடுபவருக்கு 'பூண்டு மட்டும் போட்டு வறுத்த கீரை, சிப்பிச் சாஸ் வேண்டாம், இறால் வேண்டாம், இறைச்சி வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தரக்கூடும். சமைக்கும் சட்டியும் கரண்டியும் ஒன்றுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் பொறுக்க முடியாதவருக்கு, முன்னே சொன்ன மாதிரி, பக்கத்து இந்தியக் கடையிலிருந்து தோசையோ சோறோ வாங்கி வைப்பதுதான் மரியாதை. அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ஆங்கிலம் அவ்வளவாகப் பேசாத அங்கிள், ஆன்ட்டிகள் இருக்கும் கடை என்றால் சீனத்தில் இரண்டு மூன்று சொல் போதும். 'பு யாவ்' என்றால் வேண்டாம். 'ஜூ ரோ' பன்றி இறைச்சி, 'நியூ ரோ' மாட்டிறைச்சி, 'லா' காரம். 'பு யாவ் நியூ ரோ' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வேலை முடிந்தது. சிப்பி, நண்டு, கடலை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால், சொல்லும்போதே முதலில் அதைச் சொல்லுங்கள்.

சாப்பிடும்போது

எது முதலில் வெந்ததோ அது முதலில் வரும், வரிசை எதுவும் இல்லை. வந்ததும் சாப்பிடத் தொடங்கலாம், எல்லாம் வரட்டும் என்று காத்திருந்தால் ஆறிவிடும். பொதுக் கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நண்டைக் கையால்தான் சாப்பிட வேண்டும். அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுக்கை உடைக்க இடுக்கி தருவார்கள். பிள்ளைகளுக்கு நீங்களே உடைத்துச் சதையை எடுத்துக் கொடுங்கள், ஓட்டுத் துண்டு கூர்மையாக இருக்கும்.

சீன நண்பர்கள் கூட இருந்தால் இரண்டு விஷயம். மீனின் ஒரு பக்கம் தீர்ந்ததும் புரட்டிப் போடாதீர்கள். படகு கவிழ்வதற்குச் சமம் என்று சிலர் நினைப்பார்கள். நடு முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டுக் கீழ்ச் சதையைச் சாப்பிடுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டு வைக்க வேண்டாம், அது இறந்தவர்களுக்கு வைக்கும் முறை.

பில்

உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் பொருள் சேவை வரியும் சேரும். அந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. 150 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் சேர்ந்து 165 ஆகும், அதற்கு வரி 14 வெள்ளி 85 காசு, மொத்தம் 179 வெள்ளி 85 காசு. ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்கு மேல் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. காப்பிக் கடையில் அட்டை வாங்காத கடைகள் உண்டு, ரொக்கமோ, கைப்பேசியில் காசு அனுப்பும் பேநவ்வோ தயாராக இருக்கட்டும்.

பில் வந்ததும் நண்டின் எடையையும், வேண்டாம் என்று திருப்பிய கடலையையும் ஒரு பார்வை பாருங்கள். தவறு இருந்தால் மெதுவாகச் சொன்னாலே திருத்தித் தருவார்கள்.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லலாம், 'தாப்பாவ்' என்றால் போதும். டப்பாவுக்குச் சில காசு வாங்குவார்கள். நண்டு தீர்ந்திருந்தாலும் சில்லி நண்டின் சாஸை மட்டுமாவது தாப்பாவ் செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தோசைக்காகவே பிள்ளைகள் சாஸை மிச்சம் வைக்கிறார்கள்.